எட்டுக்கு அரை கம்மி

அத்தியாயம் 8

"கேஸ் முடிஞ்சு போச்சுங்க அம்மணி. காபி குடிங்க, ஃபீஸைச் சொல்லுங்க, சந்தோசமா ஊடு போய்ச் சேருங்க."

துப்பறியும் ராசாத்தி இத்தனை வருஷத் தொழிலில் எத்தனையோ வரவேற்பு பார்த்தவள். கதவைச் சாத்தியவர்கள் உண்டு. நாயை அவிழ்த்து விட்டவர்களும் உண்டு. காபி கொடுத்துக் கழற்றி விடுபவரை இன்றுதான் பார்க்கிறாள். அவளுடைய உதவியாளன் மணியன் அந்தப் பேச்சில் தனக்கு வேண்டிய பாகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு டம்ளரை நோக்கிக் கை நீட்டினான்.

நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகும் ரோட்டில், கோழிப்பண்ணைகள் எல்லாம் முடிந்த பிறகு வருகிறது நந்தீஸ்வரா வெசல்ஸ். சமையல் கேஸை அழுத்தி அடைத்து வைக்கிற ராட்சத டேங்குகளைச் செய்யும் பட்டறை. ஜன்னலுக்கு வெளியே வளைத்த இரும்புத் தகடுகள், பூசணிக்காயைக் கீற்றுப் போட்டு வைத்த மாதிரி வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொரு கீற்றும் மணியனின் வாடகை வீட்டை விடப் பெரிசு. இவற்றை லாரியில் ஏற்றிப்போய், போன இடத்தில் ஒட்டவைத்து, கால் வைத்து நிறுத்தினால் ஓர் உருண்டை.

முதலாளி குமரகுரு கிரைண்டரும் சம்மட்டியும் அலறுகிற யார்டிலேயே தலை நரைத்தவர். அவர் பேசினால் அடுத்த பட்டறைக்குக் கேட்கும். ரகசியம் என்று குரலைத் தாழ்த்தினால் சொந்த கேட் வாட்ச்மேனுக்கு மட்டும் கேட்கும்.

"நான் அப்பவே சொன்னனுங்க, அந்த வித்யாப் புள்ளைதான்னு," என்று அவர் குரலைத் தாழ்த்தினார். கேட்டில் வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தார்.

விஷயம் இதுதான். மழைக்காலத்துக்குள் இரண்டு டெண்டர்கள் குமரகுருவின் கையை விட்டுப் போயிருந்தன. இரண்டையும் தட்டிக்கொண்டு போனவர் செங்கோட்டையன், நாலு கிலோமீட்டர் தள்ளி இதே தொழில் செய்கிறவர். முதல் டெண்டரில் இவர் நாலு கோடியே இருபது லட்சம் போட, அவர் நாலு பத்தொன்பது. அடுத்ததில் இவர் ஐந்து கோடியே ஐந்து, அவர் ஐந்து நாலு. எல்லாரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் கம்ப்யூட்டரில் போடுகிற ரேட். அதில் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தாற்போல் இரண்டு தடவையும் ஒரே ஒரு லட்சம் குறைச்சல்.

டேங்க்குக்கு டிசைன் போட்டு எஸ்டிமேட்டும் போடுகிறவள் இன்ஜினியர் வித்யா. அவளுடைய மாமன் மகன் செங்கோட்டையன் பட்டறையில் வெல்டர். குமரகுருவுக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. வித்யாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஆதாரம் தேடித் தரச் சொல்லி ராசாத்தியைச் சேலத்திலிருந்து வரவழைத்திருந்தார்.

"இப்ப ஆதாரம் தானா வந்துருச்சுங்க. மூணாவது டெண்டரு, மேட்டூர்ப் பக்கம் புதுசா வர்ற, சிலிண்டர்ல கேஸ் நெப்பற பிளாண்ட்டுக்கு ஒரு உருண்டை. இந்தத் தடவை வெளியாளை வெச்சு எஸ்டிமேட் போட்டேன். நேத்து தொறந்தாங்க. நமக்குத்தான். செங்கோட்டையன் ஒரு கோடிக்குப் பக்கம் எச்சாப் போட்டுட்டு மல்லாந்துட்டான். அந்தப் புள்ள ஊட்டுல இருக்கறா, அவனுக்குத் தகவல் போகல. இதுக்கு மேல என்ன வேணும்?"

"நீங்க எவ்வளவு போட்டிருந்தீங்க?" என்றாள் ராசாத்தி.

குமரகுரு சுற்றும் முற்றும் பார்த்தார். "எட்டுக்கு அரை கம்மிங்க."

மணியன் டம்ளரிலிருந்து தலை தூக்கினான். "ஏழரைன்னு சொல்லுங்க."

"வாயைக் கழுவு சாமி," என்று குமரகுரு மேஜையைத் தட்டினார். பேனா ஸ்டாண்டு ஒரு குதி குதித்தது. "அந்த வார்த்தை இந்தக் காம்பவுண்டுக்குள்ள வரப்படாது. ஏழரை நாட்டுச் சனியில எங்கப்பாரு ரெண்டு லாரியையும் வித்தாரு. அன்னைல இருந்து என்ற வாயில அது வந்ததில்ல."

"ரேட்டுல மட்டும் வந்துருக்குதுங்களே."

"கணக்கு வந்து நின்ன எடம் அது. ஏத்துனா டெண்டரு போயிரும், எறக்குனா தோலு போயிரும். எழுதுனா அது எண்ணு. சொன்னாத்தான் சனி."

பட்டறை திறப்பது காலை ஏழரை மணிக்கு என்பது மணியனுக்குத் தெரியும். கேட்டில் விசாரித்தபோது வாட்ச்மேனும் 'எட்டுக்கு அரை கம்மிங்க' என்றுதான் சொன்னார். முதலாளி எவ்வழி, வாட்ச்மேன் அவ்வழி.

குமரகுரு தன் போனை எடுத்து நீட்டினார். டேங்க் கட்டுகிறவர்கள் எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப். தமிழ்நாடு, ஆந்திரா, குஜராத் என்று நானூறு சொச்சம் பேர். அதில் அனுப்பாமல் வைத்திருந்த ஒரு செய்தி. வித்யாவின் போட்டோ, பெயர், கீழே ஒரே வரி: ரேட்டை விற்றவள், யாரும் வேலைக்கு வைக்க வேண்டாம்.

"நாளைக்கு அஷ்டமி. அதனால இன்னைக்குச் சாயங்காலம் நல்ல நேரம் பார்த்து அமுக்கிருவேன்."

"பழி போடறதுக்கும் நல்ல நேரம் உண்டுங்களா?" என்றான் மணியன், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு.

ராசாத்தி எழுந்தாள். "சாயங்காலம் வரைக்கும் அந்த விரலைக் கட்டி வைங்க. நான் சொல்லாம அமுக்காதீங்க. என் ஃபீஸையும் அதுவரைக்கும் பத்திரமா வச்சிருங்க."

காபி பாதியில் நின்றது மணியனுக்கு வருத்தம்தான்.

வித்யாவின் வீடு பள்ளிபாளையத்தில், பவர்லூம்கள் தடதடக்கிற ஒரு சந்தில் இருந்தது. கதவைத் திறந்தவளுக்கு முப்பது வயது இருக்கலாம். கண் வீங்கியிருந்தாலும் தலையை வாரி, நெற்றிக்கு இட்டு, ஆபீஸுக்குப் புறப்படுகிறவளைப் போலத்தான் நின்றாள்.

"அழுது முடிச்சாச்சுங்க," என்றாள் முதல் வார்த்தையாக. "இனி கேள்வி கேக்கலாம்."

மணியனுக்கு அவளை அப்போதே பிடித்துப் போனது. அவள் திருடியாக இருந்தால் தனக்குக் கஷ்டமாக இருக்குமே என்று முதல் தடவையாகக் கவலைப்பட்டான்.

"எனக்கு ஒண்ணுதான் தெரியணும்," என்றாள் ராசாத்தி. "ஒரு உருண்டைக்கு ரேட்டு எப்படிப் போடறீங்க? எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா. நான் இதுக்கு முன்னாடி லாரி இன்சூரன்ஸ்ல இருந்தவ. வட்டமா எனக்குத் தெரிஞ்சது டயர் மட்டும்தான்."

வித்யா லேசாகச் சிரித்தாள். "டயர் தெரிஞ்சாப் போதுமுங்க. உள்ளே கேஸை அழுத்தி வெச்சா அது எல்லாப் பக்கமும் முட்டும். பெட்டி மாதிரி செஞ்சா மூலைல முட்டிக் கிழிக்கும். உருண்டைக்கு மூலையே இல்ல, பாரம் சமமாப் போயிரும். அதனால தகடு குறைச்ச கனத்துல போதும். மேட்டூர் உருண்டைக்கு ரெண்டு விரல் கனம் வருமுங்க. கனம் தெரிஞ்சா எடை தெரியும். எடை தெரிஞ்சா பாதி விலை தெரிஞ்சாச்சு. மீதிப் பாதி வளைக்கற கூலி, வெல்டிங், ஒவ்வொரு இணைப்புக்கும் எக்ஸ்ரே, கடைசியா வாய் வரைக்கும் தண்ணி நெப்பி அழுத்திப் பாக்கற டெஸ்ட்டு."

"அந்தத் தண்ணியை அப்புறம் என்ன பண்ணுவீங்க?" என்றான் மணியன்.

"கேட்டவங்க தோட்டத்துக்கு விடுவோம். தக்காளி போட்டவங்கதான் எங்களுக்குப் பெரிய ரசிகருங்க."

"இதுல ஒரு பட்டறைக்கும் இன்னொரு பட்டறைக்கும் எவ்வளவு வித்தியாசம் வரும்?" என்றாள் ராசாத்தி.

"ரொம்ப வராதுங்க. டிராயிங் ஒண்ணு, தகடு வாங்கற ஆலை ஒண்ணு, கூலியும் இந்த ஊர்க் கூலி. பத்துப் பாஞ்சு லட்சம் முன்னப் பின்ன இருக்கும். ஒரு கோடி தள்ளிப் போகாது."

"செங்கோட்டையன் தள்ளிப் போட்டிருக்கிறாரே."

வித்யாவின் புருவம் சுருங்கியது. டெண்டர் முடிவு யார் வேண்டுமானாலும் பார்க்கிற வெப்சைட்டில் இருக்கும் என்று சொல்லித் தன் போனில் தேடினாள். திரையை ராசாத்தி பக்கம் திருப்பினாள். செங்கோட்டையன் போட்டது எட்டு கோடியே நாற்பத்தொன்பது லட்சம்.

"அவருக்கு எப்படிப் பார்த்தாலும் அடக்கம் ஏழு கோடியத் தாண்டிக் கொஞ்சந்தான் வரும்," என்றாள் வித்யா. "இப்படிப் போடறதுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கணும்."

"பைத்தியம் இல்ல, தைரியம்," என்றாள் ராசாத்தி. அவள் குரல் மாறியதை மணியன் கவனித்தான். வாசனை பிடித்துவிட்டாள் என்று அர்த்தம். "மணியா, நாலு இருபதுக்கு அவர் எவ்வளவு போட்டார்?"

"நாலு பத்தொன்பது."

"அஞ்சு அஞ்சுக்கு?"

"அஞ்சு நாலு. மனுசனுக்கு ஒரு லட்சத்தோட ஏதோ வேண்டுதல் இருக்குதுக்கா."

"அப்போ எட்டு நாப்பத்தொன்பது எதுக்கு ஒரு லட்சம் குறைச்சல்?"

மணியன் விரல் விடத் தேவையில்லாமல் போய்விட்டது. "எட்டு அம்பது. எட்டரை."

"இந்தத் தடவையும் தகவல் போயிருக்கு. நிக்கல. தப்பாப் போயிருக்கு. குமரகுரு எட்டரை போடறார்னு யாரோ சொல்லி, அந்த மனுஷன் நம்பியிருக்கார். சும்மா கிடைக்கிற ஒரு கோடியை யாருக்குத்தான் விட மனசு வரும்? நீ வீட்டுல இருக்கும்போதுதான் இதுவும் நடந்திருக்கு."

வித்யா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். பவர்லூம் சத்தத்தில் அவள் மெதுவாகப் பேசியது கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "அப்ப குரூப்புல போடறேன்னு முதலாளி மெரட்டுன அந்த மெசேஜ் போகாதுங்களா?"

"எனக்கு இன்னும் ஆள் கிடைக்கலம்மா."

"வேலை போனாக்கூடப் பரவால்லைங்க. நான் ஒரு டேங்க்குக்கு இத்தனை கனம்னு கையெழுத்துப் போட்டா, அதை நம்பித்தான் பக்கத்துலயே ஜனங்க குடியிருக்கறாங்க. காசுக்கு வித்தவன்னு பேர் வந்துட்டா நான் போடற கனத்தை எவன் நம்புவான்? அதுக்கப்புறம் நான் இன்ஜினியரே இல்லீங்க."

மணியனுக்கு ஜோக் ஒன்றும் வராத அபூர்வமான நிமிஷம் அது.

ராசாத்தி கேட்டாள். "கடைசி ரேட்டு உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. நான் போடறது எஸ்டிமேட். அதுல கூட்டிக் கழிச்சு ரேட்டு முடிவு பண்றது அவரோட மனசுக்குள்ளதான். அவரே தட்டி, அவரே பட்டனை அமுக்குவாரு. இதைச் சொன்னா, எஸ்டிமேட் தெரிஞ்சா ரேட்டை ஊகிச்சுக்கலாம்னு சொல்லிட்டாரு."

"ஊகத்துல ஒரு லட்சம் பிசகாம வராது."

"அப்படின்னா ரேட்டு தெரிஞ்ச ஒரே ஆளு முதலாளிதான்," என்றான் மணியன், நிலைமையை லேசாக்க நினைத்து. "கேஸ் முடிஞ்சுதுக்கா. திருடன் குமரகுரு. அவர்கிட்டயே ஃபீஸ் வாங்கிட்டு அவரையே பிடிச்சுக் குடுத்துட்டு ஊடு போலாம்."

ராசாத்தி சிரிக்கவில்லை. அவனையே பார்த்தாள். பிறகு வித்யாவிடம் திரும்பினாள். "பட்டனை அமுக்கறதுக்கு முன்னாடி அவர் யார்கிட்டயாவது பேசுவாரா?"

"மனுசங்க யார்கிட்டயும் மூச்சு விட மாட்டாருங்க."

"மனுஷங்ககிட்ட சரி."

வித்யா கொஞ்சம் யோசித்தாள். "பட்டறைக்குப் பின்னாடி கரட்டு மேல ஈஸ்வரன் கோயில் ஒண்ணு இருக்குது. அங்க போயிட்டு வந்துதான் அமுக்குவாரு. நந்தி பேருதானுங்க கம்பெனிக்கே."

கரடு என்கிற அந்தப் பாறைக் குன்றின் உச்சி வரை சிமென்ட் ரோடு போட்டிருந்தார்கள். ராசாத்தியின் பழைய கார் கேஸில் ஓடுகிற வண்டி. பாதி ஏற்றத்தில் அது இருமியது.

"நம்ம டிக்கிலயும் ஒரு டேங்க் இருக்குதுக்கா," என்றான் மணியன் கியரை மாற்றியபடி. "அதுக்கு எஸ்டிமேட் போட்டா வண்டியை விட டேங்க்தான் விலை அதிகம்."

சின்னக் கோயில். குருக்கள் ஒருவர், விபூதித் தட்டு, எண்ணெய் வாசனை. மண்டபத்தின் நடுவே கருங்கல் நந்தி மணியனின் மார்பு உயரத்துக்குப் படுத்திருந்தது. அதன் இரண்டு காதுகளும் ஜனங்களின் வாய் பட்டுப் பட்டு வழவழப்பாக இருந்தன. சுவாமியிடம் நேரே கேட்கத் தயங்குகிறவர்கள் நந்தியின் காதில் குறையைச் சொல்லிவிட்டுப் போவார்கள், அவர் எடுத்துச் சொல்லிக்கொள்வார்.

சுவர் ஓரமாக மோட்டாரில் ஓடுகிற மேளம் ஒன்று நின்றது. சுவிட்சைப் போட்டால் முரசு, மணி, ஜால்ரா மூன்றும் தானாக அடித்துக்கொள்ளும் மிஷின். புத்தம் புதுசு. குருக்கள் அதன் மேல் தன் ஈரத் துண்டைக் காயப் போட்டிருந்தார்.

ராசாத்தி போன் செய்து வரச் சொன்ன குமரகுரு மூச்சு வாங்க ஏறி வந்தார். "என்னங்க அம்மணி, நல்ல நேரம் நெருங்குது. இங்க எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"டெண்டர் போட்ட அன்னைக்கு இங்க வந்தீங்கல்ல? என்ன செஞ்சீங்களோ அதையே இன்னொரு தடவை செய்யுங்க."

"அது எனக்கும் நந்திக்கும் உள்ளதுங்க."

"அந்தப் பொண்ணோட பேரு எனக்கும் உங்களுக்கும் உள்ளது."

குமரகுரு முணுமுணுத்துக்கொண்டே செருப்பைக் கழற்றினார். ராசாத்தி கண்ணைக் காட்ட, மணியன் நந்தியின் அந்தப் பக்கம் போய், தூணில் சாய்ந்து, கண்ணை மூடித் தியானத்தில் உட்கார்ந்தான். தியானம் அவனுக்கு நன்றாக வரும். வீட்டில் அதற்குத் தூக்கம் என்று பெயர்.

குமரகுரு இந்தப் பக்கம் குனிந்தார். இரண்டு கைகளையும் வாயைச் சுற்றிக் குவித்து, நந்தியின் காதோடு வாய் வைத்து, தன் உயிர் ரகசியத்தைச் சொன்னார்.

"சாமி, மேட்டூரு உருண்டைக்கு எட்டுக்கு அரை கம்மி போடறேன். எண்ணு கெட்ட எண்ணு. நீதான் காப்பாத்தோணும்."

மண்டபத்தின் மூலையில் இருந்த புறா ஒன்று படபடவென்று எழுந்து பறந்தது.

"கேட்டுதா மணியா?"

"எனக்குக் கேட்டுதுக்கா. கீழ பஸ் ஸ்டாப்புல நிக்கறவங்களைத்தான் விசாரிக்கணும்."

குமரகுருவின் முகம் வெளுத்துப் போனது. "நான் மெல்லத்தானுங்க சொன்னேன்."

"யார்டுல இருந்து பழகின காது உங்களுக்கு," என்றாள் ராசாத்தி. "உங்களுக்கு எது மெல்லன்னு உங்களுக்கே தெரியாது. முதல் ரெண்டு டெண்டரையும் இப்படித்தானே சொன்னீங்க? அந்தப் பக்கம் யாராவது உட்கார்ந்திருந்தாங்களா?"

குமரகுரு தெரியாது என்று தலையை ஆட்டினார். "நான் கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன்."

பதில் குருக்களிடமிருந்து வந்தது. "செங்கோட்டையன் சார் உட்கார்ந்திருப்பார். அந்தத் தூண்தான் அவருக்கு. ரொம்ப பக்தி. முதல் தடவை ஏதோ தற்செயலா வந்தார். அப்புறம் நீங்க வர்ற அன்னிக்கெல்லாம் அவரும் வந்துடுவார். டெண்டர் நாள் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே."

மணியன் தூணிலிருந்து மெதுவாக நகர்ந்து உட்கார்ந்தான். இவ்வளவு நேரம் குற்றவாளியின் இடத்தில் சாய்ந்திருந்தது அவனுக்கு என்னமோ போல் இருந்தது.

"அது சரிங்க," என்று குமரகுரு விடவில்லை. முகம் வெளிறினாலும் கணக்கு விடவில்லை அவரை. "அவன் கேட்டுட்டான்னே வெச்சுக்குவோம். அப்புறம் எதுக்கு இந்தத் தடவை ஒரு கோடி எச்சாப் போட்டான்? அவன் என்ன எனக்கு மச்சானா?"

"குருக்களே, மேட்டூர் டெண்டர் அன்னைக்கு இவர் சொல்லும்போது அந்த மிஷின் ஓடிச்சா?" என்றாள் ராசாத்தி.

"உச்சிக்கால பூஜை நேரம். ஓடித்தான் இருக்கும். புதுசு, வந்து ஒரு மாசம்தான் ஆறது."

"இப்பவும் போடுங்க. நீங்க இன்னொரு தடவை சொல்லுங்க சார்."

குருக்கள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு சுவிட்சைத் தட்டினார். கோயில் அதிர்ந்தது. முரசும் மணியும் மாற்றி மாற்றி விழ, குமரகுரு மறுபடி நந்தியின் காதில் குனிந்தார். மணியன் அந்தப் பக்கத்துக் காதில் தன் காதை வைத்தான். டம டம. எட்டு. டம டம. அரை. டம டம டம. அவ்வளவுதான்.

மேளம் நின்றதும் மணியன் எழுந்தான். இம்முறை அவன் முகத்தில் கிண்டல் இல்லை. "எட்டரைன்னுதான் கேட்டுதுங்க. 'கம்மி'யை மேளம் முழுங்கிருச்சு."

குமரகுரு நந்தியைப் பார்த்தார், மேளத்தைப் பார்த்தார்.

"வேற யாரா இருந்தாலும் ஏழரைன்னு ஒரே வார்த்தையில சொல்லியிருப்பாங்க," என்றாள் ராசாத்தி. "அதுல முதல் பாதி காதில விழுந்தாக்கூட அவர் ஏழுன்னு உஷாராகியிருப்பார். நீங்க அந்த வார்த்தைக்குப் பயந்து எட்டைக் கூப்பிட்டீங்க. உங்க டெண்டரைக் காப்பாத்தினது அதுதான். எட்டரைன்னு தப்பாக் கேக்கிற மாதிரி பேசறவங்கள்ல ரேட்டு தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான். வித்யா சொல்லியிருந்தா சரியாத்தான் சொல்லியிருப்பா. அவ எண்ணுல தப்பே பண்ண மாட்டா."

"அப்ப திருடன்..."

"நீங்கதான்னு மணியன் மத்தியானமே சொன்னான். அவன்தான் அதை ஜோக்குன்னு நினைச்சான்."

குமரகுரு அங்கேயே படியில் உட்கார்ந்தார். மணியன் குருக்கள் பக்கம் திரும்பினான். துண்டு எடுத்த இடத்தில், மேள மிஷினின் நெற்றியில், சிவப்புப் பெயின்ட்டில் கொட்டை கொட்டையாக எழுத்துத் தெரிந்தது. அவன் அதை வாய்விட்டுப் படித்தான்.

"உபயம். ரா. செங்கோட்டையன், திருச்செங்கோடு ரோடு."

"ஆமா," என்றார் குருக்கள் வெள்ளையாக. "ரெண்டு வேண்டுதல் அடுத்தடுத்து பலிச்சுதுன்னு சந்தோஷமா வாங்கிக் குடுத்தார். சாமிக்கு ஏதாவது திருப்பிச் செய்யணும் இல்லையா?"

முதலில் சிரித்தது ராசாத்திதான். அடக்கிப் பார்த்து முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒட்டுக் கேட்டு இரண்டு டெண்டர் ஜெயித்தவன் நன்றிக்கடனாக மேளம் வாங்கி வைத்திருக்கிறான். அந்த மேளமே மூன்றாவதை அவன் காதில் விழவிடாமல் அடித்துவிட்டது. மணியன் நந்தியின் கழுத்தை ஆதரவாகத் தட்டினான்.

"இவரைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்லீங்க. ரெண்டு காது இருக்குது. இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுட்டாரு."

குமரகுருவுக்குச் சிரிப்பு வரவில்லை. மடியில் கிடந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் செய்தி இன்னும் அதிலேயே இருந்தது. வித்யாவின் போட்டோவில் அவள் பட்டறையின் ஆயுத பூஜையன்று சந்தனம் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"செங்கோட்டையன் மேல கேஸ் போடலாங்களா?" என்றார்.

"கோயில்ல கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான்னு எந்தச் சட்டத்துல போடறது? விடுங்க. இருந்த ஆசைக்கு அவரே அபராதம் கட்டியாச்சு." ராசாத்தி அவருக்கு எதிரே நின்றாள். "நல்ல நேரம் ஆயிடுச்சு சார். அமுக்கறதா இருந்தா இப்ப அமுக்குங்க."

குமரகுரு அந்தச் செய்தியை எழுத்து எழுத்தாக அழித்தார். மொத்தமாக அழிக்கிற வழி அவருக்குத் தெரியாதா, இல்லை ஒவ்வொரு எழுத்தையும் பார்த்து அழிக்க நினைத்தாரா என்று மணியனுக்குப் புரியவில்லை. பிறகு வித்யாவின் நம்பரைத் தட்டி, ஸ்பீக்கரில் போட்டார். அவருக்கு ஸ்பீக்கர் இல்லாமல் கேட்காது.

பவர்லூம் சத்தம் முதலில் வந்தது. அப்புறம் அவள் குரல். "சொல்லுங்க சார்."

"வித்யா. சாமி." அவர் போனை வாய்க்கு அருகே கொண்டுபோனார். "நீ விக்கல. நான்தான் வித்திருக்கறேன், அதுவும் காசு வாங்காம. தப்பு என்மேலதான்."

"மெசேஜ் போயிருச்சுங்களா?"

"போகல. இனிப் போகாது. மேட்டூரு உருண்டைக்குக் கனம் பார்த்துக் கையெழுத்துப் போடோணும். உன்ற கையெழுத்து இல்லாம நான் ஒரு தகடு வெட்ட மாட்டேன். நாளைக்கு வந்துரு சாமி."

"நாளைக்கு அஷ்டமிங்களே."

"இருந்துட்டுப் போகுது."

அவள் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. கோபத்தை ஒரே மூச்சில் விழுங்குகிற பெண் இல்லை அவள். மணியன் தன்னை அறியாமல் போனின் பக்கம் சாய்ந்தான்.

"எத்தனை மணிக்குங்க வரணும்?" என்று கேட்டாள் வித்யா. அந்தப் பட்டறையில் நாலு வருஷம் வேலை பார்த்தவள் கேட்கிற கேள்வியா அது?

குமரகுரு வாயைத் திறந்தார். "எட்டுக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். ராசாத்தியைப் பார்த்தார். நந்தியைப் பார்த்தார்.

"ஏழரைக்கு," என்றார். புறா மறுபடியும் பறந்தது. "காலைல ஏழரைக்கு வா சாமி."

"நல்லாக் கேட்டுதுங்க," என்றாள் வித்யா. "வாரேன்."